சங்கிலியை அடகு வைக்காதே! பழைய லென்சு வாங்கு!

தை மாதம். ஒரு நாள் மாலை. என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன்.

எப்போதும் வாசலிலேயே, "வாங்க அண்ணே!" என்று சிரித்துக்கொண்டு வருவாள். அன்று சிரிப்பு இல்லை. காபி வந்தது. பேச்சு வரவில்லை.

"என்னம்மா விஷயம்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் இல்லை அண்ணே. அடகுக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும்?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவளிடம் இருப்பது ஒரே ஒரு சங்கிலி. இரண்டு பவுன். அவள் கணவர் உயிரோடு இருந்தபோது செய்து போட்டது. கஷ்ட காலத்திலும் அதை அவள் கழற்றியது இல்லை.

"யாருக்காவது உடம்பு சரி இல்லையா?" என்றேன்.

"இல்லை அண்ணே. பையனுக்கு லென்சு வேண்டுமாம்!"

புள்ளியா, பறவையா?

பையன் உள்ளே இருந்து வந்தான். நல்ல பையன். வேலைக்குப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. சம்பளத்தை அப்படியே அம்மா கையில் கொடுப்பவன். சினிமா இல்லை, சிகரெட் இல்லை. அவனுக்கு இருக்கும் ஒரே ஆசை, பறவைகளைப் படம் பிடிப்பது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். விடிவதற்கு முன் பஸ் ஏறி வேடந்தாங்கலுக்குப் போய்விடுவான். நண்பன் ஒருவன் கொடுத்த பழைய கானன் காமிரா அவனிடம் இருக்கிறது.

தான் எடுத்த படம் ஒன்றைக் காட்டினான். ஏரி தெரிந்தது. ஏரிக்கு நடுவே மரங்கள் தெரிந்தன. மரங்களின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"இது என்னடா, பூவா?" என்றேன்.

"பூ இல்லை மாமா. மஞ்சள் மூக்கு நாரை. கூழைக்கடாவும் இருக்கிறது" என்றான். அவன் முகம் வாடிவிட்டது.

பறவைகள் ஏரியின் நடுவே, தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. நாம் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். கிட்டப் போக முடியாது, போகவும் கூடாது. காமிராவோடு வந்த சிறிய லென்சில் பறவை புள்ளியாகத்தான் விழும்.

அதனால் அவன் ஒரு புது லென்சு பார்த்து வைத்திருந்தான். விலை ரூ.60,000. கையில் இருந்த பணம் ரூ.12,000. பாக்கி ரூ.48,000-க்கு அம்மாவின் சங்கிலி!

"நான் கேட்கவில்லை மாமா. அம்மாதான்..." என்று இழுத்தான்.

"குழந்தை ஆசைப்படுகிறான். அவன் அப்பா இருந்தால் வாங்கித் தர மாட்டாரா?" என்றாள் தங்கை.

தாய் மனம்! வேறு என்ன சொல்வாள்?

கணக்குப் போட்டேன்

நான் ஒரு காகிதத்தை எடுத்தேன். கணக்குப் போட்டேன்.

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றே வைத்துக்கொள்வோம். ரூ.48,000-க்கு மாத வட்டி ரூ.480. இரண்டு வருடம் மீட்க முடியவில்லை என்றால், வட்டி மட்டும் ரூ.11,520.

"தம்பி, உன் கையில் எவ்வளவு இருக்கிறது?"

"பன்னிரண்டாயிரம், மாமா."

"வட்டிக்குப் போகும் பணமும் ஏறக்குறைய அதே அளவுதான். அந்தப் பணத்துக்கே நல்ல லென்சு கிடைக்கும். அடகு வேண்டாம். அம்மாவின் கழுத்தும் வெறுமையாக வேண்டாம்."

"எப்படி மாமா?"

"பழைய லென்சு வாங்கு!"

பையன் முகத்தைச் சுளித்தான். தங்கையும் சுளித்தாள். "பழையதா அண்ணே? அடுத்தவர் கழித்துப் போட்டதையா?" என்றாள்.

இந்த முகச் சுளிப்புக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் பலருக்கு இந்த எண்ணம் இருக்கிறது. புதிது வாங்கினால் கௌரவம். பழையது வாங்கினால் கேவலம் என்று நினைக்கிறார்கள். தவணையில் கடன் வாங்குவதற்கு வெட்கப்படுவது இல்லை. பழைய பொருள் வாங்க மட்டும் வெட்கப்படுகிறார்கள்!

என் கருத்து இதுதான்: லென்சு விஷயத்தில் பழையது வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால், பார்க்காமல் வாங்கினால் அதுவே பெரிய முட்டாள்தனம்.

இரண்டையும் விளக்குகிறேன்.

கண்ணாடிக்கு வயது இல்லை

முதலில், இந்த லென்சு எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

தூரத்தில் இருப்பதைக் கிட்டே இருப்பது போலக் காட்டுவது டெலிபோட்டோ லென்சு. வளையத்தைத் திருப்பினால் காட்சியைச் சிறிதாகவும் பெரிதாகவும் ஆக்குவது ஜூம் லென்சு. இரண்டும் சேர்ந்தது டெலிபோட்டோ ஜூம்.

லென்சின் மேல் எண்கள் இருக்கும். 55-250 மி.மீ., 70-200 மி.மீ., 70-300 மி.மீ. என்று போட்டிருக்கும். பெரிய எண் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு தூரத்தை அது இழுத்து வரும். 50 மி.மீ. லென்சில் தெரியும் பறவை, 250 மி.மீ. லென்சில் ஐந்து மடங்கு உயரமாகத் தெரியும்.

சாதாரண டெலிபோட்டோ லென்சு வெகு காலமாக உண்டு. 35 மி.மீ. பிலிம் காமிராவுக்கு ஜூம் லென்சு முதல் முதலாக விற்பனைக்கு வந்தது 1959-ல்தான். 'ஜூமார்' என்று அதற்குப் பெயர்.

லென்சுக்குள் இருப்பது பெரும்பாலும் கண்ணாடி. கண்ணாடிக்கு நரை விழுமா? திரை விழுமா? ஈரம் படாமல், கீழே போடாமல் வைத்திருந்தால் பத்து வருடம் ஆனாலும் அதே படத்தைத் தரும். காமிரா அப்படி அல்ல. ஒவ்வொரு வருடமும் புதுக் காமிரா வரும். போன வருடக் காமிராவின் விலை இறங்கும்.

இன்னொன்று. கானன் கம்பெனி 'இ.எப்.' என்ற லென்சுப் பூட்டை 1987-ல் கொண்டுவந்தது. அந்தக் காலத்து இ.எப். லென்சை, பின்னால் வந்த கண்ணாடி மடங்கும் டிஜிட்டல் கானன் காமிராக்களிலும் பூட்டலாம். நிக்கான் கம்பெனியின் 'எப்.' பூட்டு 1959-ல் வந்தது.

2018-ல் இந்த இரண்டு கம்பெனிகளும் 'மிர்ரர்லெஸ்' காமிராவுக்குப் புதுப் பூட்டுகளைக் கொண்டுவந்தன. வசதி உள்ளவர்கள் அவற்றுக்கு மாறினார்கள். கையில் இருந்த நல்ல லென்சுகளை விற்றார்கள். இன்றும் விற்கிறார்கள். பழுதாகி விற்கவில்லை, புதிது வந்ததால் விற்கிறார்கள்!

அவர்கள் விற்பது நமக்கு யோகம்.

ஒட்டுப் போட்ட காமிரா

"நல்ல படம் எடுக்க விலை உயர்ந்த கருவி வேண்டாமா?" என்று கேட்கலாம்.

மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். சென்னைக்காரர். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் பிடித்த படங்கள் புகழ் பெற்றவை. பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

அவர் வைத்திருந்த காமிரா எப்படிப்பட்டது தெரியுமா? காமிரா ஒரு கம்பெனி. லென்சு இன்னொரு கம்பெனி. மற்றப் பாகங்கள் வேறு வேறு இடத்தில் வந்தவை. எல்லாவற்றையும் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்டார். அதற்கு வேடிக்கையாக 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர்!

யானை அந்தக் காமிராவின் விலையைக் கேட்டதா?

நான் ஏமாந்த கதை

பழைய லென்சு நல்லது என்றேன். பார்க்காமல் வாங்கினால் முட்டாள்தனம் என்றும் சொன்னேன். அந்த முட்டாள் யார்? நான்தான்!

பல வருடங்களுக்கு முன் நடந்தது. என் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் வீட்டில் இருந்தது. மகளின் பள்ளி ஆண்டு விழாவைப் படம் பிடிக்க ஒரு பழைய டெலிபோட்டோ லென்சு வாங்கலாம் என்று கேட்டேன். அவளும் சரி என்றாள்.

ஒரு கடைக்குப் போனேன். இரவு நேரம். மங்கலான விளக்கு. லென்சின் வெளிப்புறம் பளபள என்று மின்னியது. பெட்டி புதிது போல இருந்தது. "இன்னொருவர் கேட்டிருக்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள்" என்றார் கடைக்காரர். உடனே பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

ஆண்டு விழா வந்தது. மகள் பாரதமாதா வேடத்தில் மேடையில் நின்றாள். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். எல்லாப் படத்திலும் புகை மூடியது போல ஒரு மங்கல்! விளக்கு இருந்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு!

மறுநாள் ரிப்பேர் செய்பவரிடம் கொண்டு போனேன். அவர் டார்ச் விளக்கை அடித்து உள்ளே காட்டினார். ஊறுகாய் ஜாடியில் பூக்கும் பூசணம் போல, கண்ணாடிக்குள் வெள்ளை நூல் நூலாக ஓடியிருந்தது.

"இதைப் பங்கஸ் என்பார்கள். கண்ணாடியின் மேல் பூச்சையே தின்றுவிட்டது. துடைத்தாலும் தழும்பு போகாது" என்றார்.

என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்த லென்சு இன்றும் என் பீரோவில் இருக்கிறது. மகளின் அந்த வேடம் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை.

டார்ச் விளக்கு ஒன்று இருந்திருந்தால் அன்று பிழைத்திருப்பேன்!

உங்கள் காமிராவுக்குப் பொருந்துமா?

அதனால், வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

முதல் கேள்வி: அந்த லென்சு உங்கள் காமிராவில் பூட்டுமா? ஒரு கம்பெனி லென்சு இன்னொரு கம்பெனி காமிராவில் அப்படியே பூட்டாது.

ஒரே கம்பெனியிலும் வகை உண்டு. கானனில் 'இ.எப்.-எஸ்.' என்று போட்ட லென்சு சிறிய சென்சார் உள்ள காமிராவுக்கு மட்டுமே. முழு அளவு சென்சார் உள்ள கண்ணாடிக் காமிராவில் அது பூட்டாது. 'இ.எப்.' என்று மட்டும் போட்டிருந்தால் இரண்டிலும் பூட்டும். புதிய 'ஆர்.எப்.' காமிரா வைத்திருந்தால், நடுவில் மாட்டும் வளையம் ஒன்று தனியாக வாங்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

நிக்கானில் டி3000, டி5000 வரிசைக் காமிராக்களுக்குள் குவிக்கும் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய 'ஏ.எப்.-டி' லென்சை அவற்றில் மாட்டினால் படம் தானாகக் குவியாது. கையால்தான் திருப்ப வேண்டும். பறக்கும் பறவையைக் கையால் குவிப்பது புதியவர்களுக்கு எளிது அல்ல. அவர்கள் 'ஏ.எப்.-எஸ்.' என்று போட்டதை வாங்கலாம்.

எப். எண் என்றும் ஒன்று உண்டு. இந்த எண் சிறிதாக இருந்தால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். எப். 2.8 லென்சு, எப். 5.6 லென்சைவிட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆகையால் அதற்கு விலையும் அதிகம். 70-200 எப். 2.8 லென்சு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். கல்யாண மண்டபத்தில் தொழில் செய்பவருக்கு அது வேண்டும். காலை வெயிலில் பறவை பார்ப்பவருக்கு எப். 5.6 போதும்.

முன்னால் திருகி மாட்டும் மலிவான 'டெலி' கண்ணாடிகளும் விற்கின்றன. "உன் சின்ன லென்சே பெரிய லென்சு ஆகிவிடும்" என்பார்கள். நம்பாதீர்கள். படத்தின் தெளிவு போய்விடும்.

ஆறு சோதனைகள்

லென்சைப் பகலில் போய்ப் பாருங்கள். உங்கள் காமிராவையும், ஒரு டார்ச் விளக்கையும், ஒரு செய்தித்தாளையும் எடுத்துப் போங்கள்.

ஒன்று, விளக்குச் சோதனை. லென்சின் இரண்டு மூடிகளையும் கழற்றுங்கள். ஒரு பக்கம் டார்ச் அடித்து, மறு பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். விளக்கை நேராகக் கண்ணில் அடித்துக்கொள்ள வேண்டாம். நாலைந்து தூசி இருந்தால் பயம் இல்லை, படத்தில் தெரியாது. சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் பூசணம். மூச்சு விட்டது போல மங்கல் இருந்தாலும் வேண்டாம். முன் கண்ணாடியில் ஒரு சிறு கீறல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பின் கண்ணாடியில் கீறல் என்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டு, உடம்புச் சோதனை. முன் விளிம்பு நசுங்கி இருக்கிறதா? கீழே விழுந்த லென்சு அது. பின்பக்கத் திருகாணிகளின் தலை தேய்ந்திருக்கிறதா? யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜூம் வளையத்தைத் திருப்பினால் மணல் அரைபடும் சத்தம் வரக்கூடாது.

மூன்று, காதுச் சோதனை. காமிராவில் மாட்டுங்கள். கிட்டே ஒரு பொருள், தூரத்தில் ஒரு பொருள் என்று மாற்றி மாற்றிக் குவியுங்கள். தட்டுத் தடுமாறாமல் குவிய வேண்டும். கரகர என்று சத்தம் வந்தால் மோட்டார் களைத்துவிட்டது.

நான்கு, கைநடுக்கச் சோதனை. பல லென்சுகளில் கைநடுக்கத்தைத் தாங்கும் வசதி உண்டு. கானனில் 'ஐ.எஸ்.' என்றும், நிக்கானில் 'வி.ஆர்.' என்றும் போட்டிருக்கும். அதைப் போட்டும் அணைத்தும் ஜூம் முழுவதும் இழுத்துப் பாருங்கள். போட்டவுடன் காட்சி நிலைத்து நிற்க வேண்டும். இப்படிப்பட்ட சில லென்சுகளை ஆட்டினால் உள்ளே லேசாகக் 'கடக்' என்னும். அது பழுது அல்ல.

ஐந்து, இதழ்ச் சோதனை. லென்சுக்குள் கண்மணி போல விரிந்து சுருங்கும் இதழ்கள் உண்டு. காமிராவில் எப். 11 வைத்து, ஒரு விநாடி திறந்திருக்கும்படி செய்து, முன்னால் இருந்து பாருங்கள். இதழ்கள் சட்டென்று சுருங்கி மீண்டும் விரிய வேண்டும். எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது.

ஆறு, செய்தித்தாள் சோதனை. இதுதான் முக்கியம்! செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டுங்கள். காமிராவை நேர் எதிரே வைத்து, ஜூமை முழுவதும் இழுத்து, தாள் முழுவதும் படத்தில் அடங்கும் தூரத்தில் நின்று எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி நாலு மூலையையும் படியுங்கள். நாலு மூலையிலும் எழுத்து ஏறக்குறைய ஒரே தெளிவோடு இருந்தால் நல்லது. ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் இன்னொரு முறை நேராக வைத்து எடுங்கள். மறுபடியும் அதே மூலை கலங்கினால், உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இந்தத் தாளையே எடுத்துக்கொண்டு போகலாம். படித்ததற்குப் படித்தது, சோதித்ததற்குச் சோதித்தது!

ஆளையும் பாருங்கள்

லென்சை மட்டும் சோதித்தால் போதாது. விற்பவரையும் பார்க்க வேண்டும்.

"பில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். லென்சின் மேல் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது குற்றம். பில் தொலைந்துவிட்டது என்றால், விற்பவரிடம் கையெழுத்துப் போட்ட ஒரு ரசீதாவது வாங்குங்கள்.

செல்போனில் படத்தைக் காட்டி, "நான் ராணுவத்தில் இருக்கிறேன். வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பாதிப் பணம் அனுப்புங்கள், பார்சலில் அனுப்புகிறேன்" என்று சொல்லும் மோசடிக்காரர்கள் உண்டு. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருக்கும். ஒரு பைசாகூட முன்னால் அனுப்பாதீர்கள். பொருளைக் கையில் வாங்கி, சோதித்த பிறகுதான் பணம். யாராவது ஏமாந்துவிட்டால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும். தாமதிக்கக் கூடாது.

"இன்னொருவர் கேட்டிருக்கிறார்" என்று அவசரப்படுத்தினால், "அவருக்கே கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். லென்சு இன்னும் ஆயிரம் கிடைக்கும்.

உத்தரவாதம் இல்லையே?

"புதிது என்றால் உத்தரவாதம் உண்டு. பழையதற்கு யார் பொறுப்பு?" என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி.

உத்தரவாதம் இல்லாததுதான் பழைய பொருளின் குறை. அதை நான் மறைக்கவில்லை. மிகவும் பழைய லென்சின் மோட்டார் கெட்டால் மாற்றுப் பாகம் கிடைக்காமலும் போகலாம். அந்த ஆபத்துக்குத்தான் விலையில் பெரிய தள்ளுபடி கிடைக்கிறது. ஆகவே, தொலைந்தாலும் குடும்பம் ஆடிப்போகாத தொகைக்குத்தான் பழையது வாங்க வேண்டும். பழைய லென்சுக்காகவும் கடன் வாங்கினால், என் பேச்சுக்கே அர்த்தம் இல்லை!

இன்னொரு நன்மையும் உண்டு. நல்ல பழைய லென்சைக் கவனமாக வைத்திருந்தால், இரண்டு வருடம் கழித்து விற்றாலும் பெரிய நஷ்டம் வராது. புதிது கடையை விட்டு வெளியே வந்தவுடனே பழையது ஆகிவிடும். முதல் நஷ்டம் முதலில் வாங்கியவருக்கு!

வாங்கியே ஆக வேண்டுமா என்று சந்தேகம் இருந்தால், ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஆசை நிற்கிறதா, பறக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வலையும் பெரியவரும்

என் மருமகனை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் ஒரு கடை. லென்சு கண்ணைப் பறித்தது. பையன், "இதுவே இருக்கட்டும் மாமா!" என்றான். நான் டார்ச்சை அவன் கையில் கொடுத்தேன். உள்ளே பார்த்தான். முகம் மாறியது. "மாமா... வலை!" என்றான். பேசாமல் வெளியே வந்தோம்.

இரண்டாவது இடத்தில் மோட்டார் முனகியது. மூன்றாவது இடத்தில் பில் இல்லை. பேச்சும் சரி இல்லை.

பையன் சோர்ந்துவிட்டான். "புதிதே வாங்கியிருக்கலாம் மாமா" என்றான்.

"இன்னும் ஒரு ஞாயிறு பொறு" என்றேன்.

அடுத்த ஞாயிறு, தாம்பரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கதவைத் திறந்தார். கானன் 55-250 எஸ்.டி.எம். லென்சை எடுத்து வந்தார். 2013-ல் வெளிவந்த வகை. எடை 375 கிராம்தான். காமிராவைப் புதிதாக மாற்றிவிட்டதால் விற்பதாகச் சொன்னார். பில்லையும் எடுத்துக் காட்டினார்.

டார்ச் அடித்தோம். இரண்டு தூசி, வேறு ஒன்றும் இல்லை. செய்தித்தாளை அவர் வீட்டுச் சுவரிலேயே ஒட்டிப் படம் எடுத்தோம். நாலு மூலையும் படிக்க முடிந்தது.

பெரியவர் சிரித்தார். "இப்படிச் சோதித்து வாங்குபவனிடம் கொடுக்கத்தான் எனக்கும் ஆசை. நன்றாக வைத்துக்கொள்வாய்" என்றார்.

விலை ரூ.9,500. கையில் மிச்சம் ரூ.2,500.

எப்படிக் காப்பாற்றுவது?

மிச்சப் பணத்தில் முதலில் வாங்கியது, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா. அதோடு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். நீல நிறத்தில் உள்ள வகை ஈரத்தைக் குடித்தால் இளஞ்சிவப்பாக மாறும். அப்போது மாற்றிவிட வேண்டும்.

நம் கடற்கரை ஊர்களின் காற்றில் ஈரம் அதிகம். லென்சைத் தோல் உறையில் மூடிப் பீரோவின் இருட்டில் மாதக் கணக்கில் வைக்காதீர்கள். பூசணத்துக்கு அதுதான் விருந்து! அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைக்காதீர்கள். முதலில் ஊதும் பம்பால் தூசியைப் போக்கி, பிறகு மெல்லிய லென்சுத் துணியால் துடையுங்கள்.

படம் எடுக்கும்போதும் ஒரு விதி. 250 மி.மீ. வரை இழுத்தால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு விநாடியில் 400-ல் ஒரு பங்கு வேகம் வையுங்கள். பறக்கும் பறவைக்கு 1,000-ல் ஒரு பங்காவது வேண்டும். ஐ.எஸ். நம் கைநடுக்கத்தைத்தான் தாங்கும். பறவையின் சிறகை நிறுத்தாது!

மரம் பேசியது

மாசி மாதம், ஒரு ஞாயிறு. வேடந்தாங்கலுக்கு மூவரும் போனோம். என் தங்கை அதுவரை அங்கே வந்ததே இல்லை.

பையன் கரையில் உட்கார்ந்தான். யாரோ சிலர் பறவைகளைப் பறக்க வைக்கக் கை தட்டினார்கள். அவன் தட்டவில்லை. காத்திருந்தான்.

'கிளிக்'!

படத்தைக் காட்டினான். புள்ளி இல்லை! மஞ்சள் மூக்கு தெரிந்தது. சிறகின் ஓரத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தது. தாய் நாரை வாயைத் திறக்க, குஞ்சுகள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

என் தங்கை அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தாள். "தான் தின்னாமல் குஞ்சுக்குக் கொடுக்கிறது, பாருங்க அண்ணே!" என்றாள்.

பையன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து தூரப் போனான். அங்கிருந்து அதே லென்சால் அம்மாவையே ஒரு படம் எடுத்தான்.

அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. காலை வெயிலில் என் தங்கை சிரிக்கிறாள். கழுத்தில் சங்கிலி மின்னுகிறது.

ஆசை நல்லதுதான். பிள்ளைகளின் ஆசையைத் தட்டாதீர்கள். ஆனால் தாயின் கழுத்துச் சங்கிலிக்குக் குறி வைக்காத ஆசையாக அது இருக்கட்டும். கையில் பணம் எவ்வளவோ, அவ்வளவுக்கு நல்ல பழைய லென்சு எங்கேயோ ஒரு வீட்டில் காத்திருக்கிறது. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்!